அடிபடுவதற்கென்று எறிகிறவன்

பிப்ரவரி 1, மியாசாகி

இன்று பயிற்சி முகாம் ஆரம்பம். ஆரம்பத்திலேயே மானம் போனது.

காலையில் மைதான வாசலில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு அம்மாள் கெட்டி அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். எனக்கு முப்பத்தொன்பது வயது, தொப்பை தனி. இருந்தாலும் அணிச் சீருடை போட்டிருக்கிறேனே. மனசு குளிர்ந்துவிட்டது. விளையாடின காலத்து எண் 47-ஐயும் சேர்த்து, கடைசி எழுத்துக்கு வால் நீட்டி, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க... இதைப் புதுசா வர்ற இவாதாதேகிட்ட குடுத்து அவர் கையெழுத்து வாங்கித் தர முடியுமான்னு கேக்க வந்தேன்."

கடைக்கு ஓடிப்போய்ப் புது அட்டை வாங்கிக் கொடுத்தேன். பழையதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பரவாயில்லீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இப்போது இந்த நோட்டுக்குப் பக்க அடையாளம்.

புது நோட்டு என்பதால் என் வரலாற்றையும் எழுதிவைக்கிறேன், நீளமில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நாரைகள் பேஸ்பால் அணி என்னைப் பந்தெறிய எடுத்தது. ஒன்பது வருஷம். பெரிய அணியில் இருபத்து மூன்று ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. இருபத்தேழு வயதில் "போதும்" என்றார்கள். பிறகு அதே அணியில், மட்டைக்காரர்கள் அடித்துப் பழகுவதற்கு எறிகிறவனாக வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு நாளைக்கு நூற்றிருபது பந்து, எல்லாம் நடுவாக, நிதானமாக, அடிபடுவதற்கென்றே. அதற்கு முன்னும் நான் எறிந்தது அடிபடத்தான் செய்தது. அப்போது அது தப்பு, இப்போது அது சம்பளம்.

பிப்ரவரி 4

இவாதாதே வந்துவிட்டார். முப்பத்து மூன்று வயது, இடது கை மட்டை, வேறு அணியிலிருந்து மேளதாளத்தோடு கொண்டுவந்திருக்கிறார்கள். தனக்கென்று ஒரு எறிகிறவன் வேண்டும் என்று எங்கள் நாலு பேரையும் வரிசையாக எறியச் சொன்னார். ஆளுக்கு இருபது பந்து, பெண் பார்க்கிற மாதிரி.

என் முறை முடிந்ததும் மட்டையால் என்னைக் காட்டினார்.

"இவன் போதும். இவன் பந்துல உயிரே இல்ல. மிஷின் மாதிரி வருது. எனக்கு இதுதான் வேணும்."

என்னைவிட ஆறு வயசு சின்னவன். எங்கள் விளையாட்டில் ஒரு வருஷம் மூத்தவனுக்கே தொப்பியைக் கழற்றி, "அண்ணே" என்று கூப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொடுக்கிற பையன்கூட என்னை அண்ணே என்றுதான் சொல்கிறான்.

என் சகா கனேஷிகே சாப்பாட்டு வரிசையில் முதுகைத் தட்டினான். "பெரிய ஆளோட ஆளாயிட்டே. இனி உன்னைத் தூக்க மாட்டாங்க."

எங்களுக்கு ஒப்பந்தம் வருஷா வருஷம்தான். அக்டோபரில் கூப்பிடாமல் இருந்தால் பிழைத்தோம்.

உடான் நூடுல்ஸில் இன்று கொஞ்சம் அதிகமாகவே வெங்காயத்தாள் போட்டுக்கொண்டேன். தேர்வானவன் அல்லவா.

பிப்ரவரி 11

மிஷின் என்பதுதான் இனி என் பெயர். சமையல்கார அம்மாள்கூட இன்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு, கூட ஒரு முட்டை வைத்தார்.

மார்ச் 29, ஒகயாமா

சீசன் நேற்றுத் தொடங்கியது. இவாதாதே மூன்று அடி அடித்தார், ஒன்று வேலி தாண்டின ஹோம் ரன். டீவியில் கேட்டார்கள், எப்படி இவ்வளவு சீக்கிரம் புது அணியில் பொருந்தினீர்கள் என்று.

"எங்ககிட்ட மனுச மிஷின் ஒண்ணு இருக்கு. கரண்ட் வேணாம், சோறு போட்டா ஓடும்."

பேட்டி எடுத்தவர் சிரித்தார். என் மனைவி சுமியே சிரிக்கவில்லை. டீவியை அணைத்துவிட்டு, "சோறு போடறது நான். நான்தான் சொல்லணும் ஓடுதா இல்லையான்னு" என்றாள்.

ஏப்ரல் 19

என் பந்து இரண்டு அடி விலகிப் போனது. பன்னிரண்டு வருஷத்தில் எல்லாருக்கும் போகிற அளவுதான். அடுத்த பந்தை இவாதாதே நேராக என் மேல் அடித்தார். எனக்கு முன்னால் வலைத் திரை இருக்கிறது, அதன் பின்னால் தலையை இழுத்துக்கொண்டேன். அடுத்ததும் திரை மேல். அதற்கு அடுத்ததும். மைதானம் அவ்வளவு பெரிது; அந்த மனுஷனுக்கு என் திரை ஒன்றுதான் கண்ணில் பட்டது. ஆறாவது பந்து, கை வெளியே நீட்டுவதற்காகத் திரையில் விட்டிருக்கிற இடைவெளி வழியாக வந்து முழங்கால் எலும்பில் பட்டது.

விழுந்து கிடந்தேன். தப்பிப் பட்டால் தொப்பியைத் தொட வேண்டும், இது குழந்தைகள் ஆட்டத்தில்கூட உண்டு. அவர் தொடவில்லை.

"எழுந்திரு. இன்னும் முப்பது பாக்கி."

எழுந்து எறிந்தேன். முப்பதும் நடுவாகவே போயின. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே 9

இன்று ஒன்று கண்டேன்.

இவாதாதே பத்து நாளாக அடிக்கவில்லை. வேகப்பந்து என்றால் பரவாயில்லை, மெதுவாக வந்தால் முன்னால் சாய்ந்து காற்றை அடிக்கிறார். நான் பதினைந்து மீட்டர் எதிரே நிற்பவன். தினம் நூற்றிருபது தடவை அவரை நேருக்கு நேர் பார்ப்பவன். கட்டின பெண்டாட்டிகூட அவரை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள். மார்ச்சில், பந்து என் கையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய முன்கால் (இடது கைக்காரருக்கு அது வலது கால்) குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் தெரியும். இப்போது தெரியவில்லை. பந்து கிளம்புவதற்கு முன்பே குதிகால் இறங்கிவிடுகிறது. கால் ஊன்றியபின் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். காலணி கனத்துக்குள் நடக்கிற காரியம், வீடியோ பார்க்கிற பையன்கள் கையையும் மட்டையையும் உருப்பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. பயிற்சி முடிந்து அவர் வலைக்கூண்டை விட்டு வெளியே வரும்போது போய் நின்றேன். "இவாதாதே, ஒரு நிமிஷம். இங்கேர்ந்து பாக்கறப்போ எனக்கு ஒண்ணு..."

அவர் நிற்கக்கூட இல்லை. சுற்றி இருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

"மிஷின் பேசாது. பேசுச்சுன்னா ரிப்பேர்னு அர்த்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிறகு மட்டைப் பயிற்சியாளர் நாகமினே சார் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹிராசே, நீ எத்தனை வருஷமா இருக்கே? உன் வேலை கையில. வாயில இல்ல."

"உங்ககிட்டயாவது சொல்லிடறேன் சார். நீங்க சொன்ன மாதிரி..."

"எனக்கும் வேணாம். அவர் ஆட்டத்துல நான் கைவெச்சேன்னு தெரிஞ்சா, மேல இருக்கறவங்க என் கழுத்துல கைவெப்பாங்க. நீ பாத்தது உன்னோட இருக்கட்டும்."

சரி. என்னோடு இருக்கட்டும்.

ஜூன் 2

மழை. ஆட்டம் இல்லை. நிம்மதி.

ஜூன் 14

மகள் சிஹோ பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்தாள். பதினாலு வயது, சாஃப்ட்பால் அணியில் பந்தெறிகிறாள். கை என்னைப் போல, வாய் அம்மாவைப் போல.

"அப்பா, உன்ன டீவில மிஷின்னு சொன்னானாமே அந்தாளு. ஒருத்தி கேட்டா, உங்கப்பாவுக்கு எங்க சுவிட்சுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"மிஷினுக்குப் பொண்ணு பொறக்காதுன்னு சொன்னேன்."

நல்ல பதில். நான் சொல்லியிருக்க வேண்டியது. "சுவிட்ச் அம்மா கையிலன்னு சொல்லியிருக்கலாமே" என்று சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்பப் பாரு நீ சிரிச்சுடறே. அவன் அடிக்கறான், நீ சிரிக்கறே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவன ஏமாத்திப் போடேன்பா. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். என் ஒரே வெற்றியை வாங்கிக்கொடுத்த பந்து ஒன்று உண்டு. வேகமாக எறிகிற மாதிரியே கை வீசும், பந்து மட்டும் சோம்பேறித்தனமாக வந்து மட்டைக்கு முன்னால் மூழ்கும். பன்னிரண்டு வருஷமாக எறியவில்லை. பழகுவதற்கு எறிகிறவன் மட்டைக்காரனை ஏமாற்றுவது, சமையல்காரன் சோற்றில் கல் போடுகிற மாதிரி. தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

"அது தப்புடி" என்றேன்.

"அப்ப அவன் பண்றது?"

மூன்று கிண்ணம் மிசோ சூப் குடித்தேன். பதில் சொல்லாமல் இருக்க வாயில் ஏதாவது வேண்டுமே.

ஜூலை 6

செய்துவிட்டேன்.

எண்பத்தேழாவது பந்து வரை ஒழுங்காகத்தான் எறிந்தேன். எண்பத்தெட்டாவதுக்குக் கூடையில் கைவிட்டபோது அவர் கூண்டுக்குப் பின்னால் நின்ற பையன்களிடம் சொல்வது கேட்டது. "இவன் ஒரு காலத்துல நெஜமாவே பந்து எறிஞ்சானாம்டா. ஒரு ஆட்டம் ஜெயிச்சானாம். எதிரணி பஸ்ஸு லேட்டா வந்திருக்கும்."

என் விரல்கள் தாமாகவே பழைய பிடிக்குப் போயின. நான் அனுப்பவில்லை, அவையே போயின என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

குதிகால் இறங்கியது. பந்து இன்னும் பாதி தூரத்தில் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவர் சாய்ந்து, வீசி, தவறி, ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். ஹெல்மெட் உருண்டது.

புல்வெட்டுகிற வண்டிகூட நின்றது. எங்கோ ஒருவன், கனேஷிகேதான், "க்" என்று சிரிப்பை விழுங்கினான்.

இவாதாதே எழுந்தார், மண்ணைத் தட்டவில்லை, நேராக என் திரைவரை நடந்து வந்தார்.

"வேணும்னே போட்டியா?"

நான் தொப்பியைக் கழற்றினேன். இடுப்புவரை குனிந்தேன். "வழுக்கிடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

"நீ ஒரு கூலி. நான் அடிக்கறதுக்கு நிக்க வெச்ச கட்டை. கட்டை என்னை ஏமாத்துமா?" பிறகு நாகமினே சாரைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே இவன் முகத்த நான் பாக்கக் கூடாது."

குனிந்தபடியே இருந்தேன். மரியாதைக்காக என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். இந்தத் தடவை வந்த சிரிப்பு வேறு. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

வீட்டுக்கு வந்து சிஹோவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தன் கையுறையை எடுத்துவந்தாள். "எப்படிப் பிடிக்கணும்? காட்டு."

ஜூலை 8

இரண்டாம் அணிக்கு மாற்றிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன்களுக்கு எறிகிறேன். "நன்றிண்ணே" என்று ஒவ்வொரு கூடைக்கும் தொப்பி தொடுகிறார்கள். தண்டனை என்று சொன்னார்கள்.

ஆகஸ்ட் 23

முதல் ஆட்டத்திலேயே மூன்று அடி அடித்த இவாதாதே, இப்போது பத்துத் தடவை மட்டை பிடித்தால் ஒரு தடவை தொடுகிறார். ஊர் முழுக்க மெதுவான பந்தாக எறிகிறார்கள். சொந்த மைதானத்திலேயே கூச்சல். "பழைய ஊருக்கே போ" என்று ஒருவன் துணியில் எழுதிப் பிடித்திருந்தான்.

இன்று விளையாட்டுப் பத்திரிகையில் அவர் சொன்னது: "பயிற்சிக்கு எறிஞ்ச ஒருத்தர் என்மேல இருந்த காழ்ப்புல வேணும்னே தப்பா எறிஞ்சார். அன்னைக்குப் போன தாளம் இன்னும் வரல." பெயர் போடவில்லை. போடவில்லை என்றால் தெரியாதா? காலையிலிருந்து மூன்று பேர் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள்.

மே மாதமே குதிகால் இறங்கிவிட்டது. நான் எறிந்தது ஜூலையில். ஒரே ஒரு பந்து. என் ஒன்பது வருஷத்தில் நான் எறிந்த எந்தப் பந்தும் ஒரு ஆளை இவ்வளவு நாள் கவிழ்த்ததில்லை. இந்தச் சாமர்த்தியம் அப்போது எங்கே போயிருந்தது?

சுமியே அந்தப் பக்கத்தைக் கிழித்து, கத்தரிக்காய் தெம்புரா எண்ணெய் வடிய விரித்தாள். துல்லியமாக அவர் முகத்தின்மேல் முதல் துண்டை வைத்தாள்.

"இந்தாளு எதுக்காவது உபயோகப்படட்டும்."

செப்டம்பர் 30

நாளை அக்டோபர். தொலைபேசியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறோம், மூன்று பேரும்.

அக்டோபர் 3

காலை எட்டரைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞன். மரியாதையான குரல்.

"ஹிராசே சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா? கோட்டு சூட்டு போட்டுட்டு வாங்க."

அவ்வளவுதான். அக்டோபரில் சூட்டோடு வரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். சுமியே இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். இருபத்தேழு வயதில் இதே காரியத்துக்கு வாங்கின சூட்டு. அன்று தோள் தொளதொளத்தது, இன்று பொத்தான் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

"சேதிய அவங்க சொல்ற வரைக்கும் மூச்ச விடாம இருங்க" என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அக்டோபர் 4

நாலு நிமிஷம்தான். பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு நன்றி என்றார்கள். காரணம் கேட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தை நேராக்கினார். "ஆட்டக்காரங்களோட நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல ஹிராசே."

ஒரு ஆட்டக்காரர், என்று திருத்த நினைத்தேன். பொத்தான் தெறித்துவிடும் என்று பேசவில்லை.

அக்டோபர் 12

வடக்கிலிருந்து, கரடிகள் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். எதிரணி மட்டைக்காரர்களை உட்கார்ந்து பார்த்து, யாருக்கு எங்கே ஓட்டை என்று எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். பிப்ரவரியில் சேர வேண்டும்.

"பன்னிரண்டு வருஷமா எதிர்லயே நின்னவர் நீங்க. நிறைய பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேன்."

"இவாதாதேயையும்?"

"அவரையும்."

அந்தப் பக்கம் இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. "காகிதம் அனுப்பறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க சார்."

என் கையெழுத்தை விரும்பிக் கேட்ட முதல் ஆள். வால் நீட்டிப் போடுவேன்.

சுமியேயிடம் சொன்னேன், இனி என் வேலை வாயைத் திறப்பது என்று. "அதுக்குமா சம்பளம்?" என்றாள்.

அக்டோபர் 21

அலமாரியைக் காலி செய்யப் போனேன். மூன்று கையுறை, ஒரு வெந்நீர்க் குடுவை, யாரோ கொடுத்துப் பிரிக்காமலே வைத்திருந்த வலித்தைலம். ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது.

வெளியே வரும்போது உள்ளரங்கு வலைக்கூண்டில் மட்டை வீசுகிற சத்தம். இவாதாதே தனியாக. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு, தொப்பியைக் கழற்றினார்.

"ஹிராசே அண்ணே. ஒரு நிமிஷம் இருக்கீங்களா?"

பெட்டியைக் கீழே வைத்தேன். அண்ணே என்கிற வார்த்தை இவ்வளவு கனமா என்று யோசித்தேன்.

"உங்க விஷயம்... அது மேலிடத்து முடிவு. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல."

"மே மாசம் நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நான்தான் விடல." கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கொப்புளங்கள் உடைந்து, சுற்றின துணி சிவந்திருந்தது. "ரெண்டு டாக்டரப் பாத்துட்டேன். ஒருத்தன் தோள்ங்கறான், ஒருத்தன் வயசுங்கறான். நாகமினே வாயே திறக்கறதில்ல. எனக்கு இன்னும் ஒரு வருஷந்தான் குடுத்திருக்காங்க. இந்த வருஷம் என்ன நேரா நின்னு பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். என்ன பாத்தீங்க?"

காழ்ப்பில் எறிந்தார் என்று பத்திரிகையில் சொன்னதை அவர் எடுக்கவில்லை. என் முழங்காலை எடுக்கவில்லை. என் வீட்டுக்குள் வந்து விழுந்த அந்த மிஷின் என்கிற பெயரையும் எடுக்கவில்லை. தேவையானதை மட்டும் கேட்டார். கூடையில் கைவிட்டு அடுத்த பந்தை எடு என்கிற மாதிரி.

ஆனாலும் வந்தது, நாக்கு நுனிவரை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். எதிரே மட்டையோடு ஒருவன் நின்றால் அவன் அடிக்கிற மாதிரிதான் எனக்குக் கொடுக்கத் தெரியும்.

"என் பக்கத்துலேர்ந்து பாக்கறப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அதிலிருந்து ஏதாவது புரிந்திருக்குமோ என்னவோ. "அப்படியா" என்று மறுபடி மட்டையைத் தூக்கினார். நான் தொப்பியைத் தொட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வீசுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒரு இமைப்பொழுது முந்தி.

வலது குதிகால், தம்பி. பந்து கிளம்புகிற வரைக்கும் அதைக் கீழே விடாதே.